“உன் கால் எங்கேம்மா இருந்துச்சு?”: தொழிற்படிப்பில் கோச்சிங்கும் உடல்வழிக் கவனமும்

கேள்வி இதுதான்: செவிலியர், ஆசிரியர், சமூகப்பணியாளர் போன்றோரை உருவாக்கும் படிப்புகளில் கோச்சிங்கையும் உடலோடு சேர்ந்த மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சியையும் எப்படிச் சேர்ப்பது? உண்மையிலேயே பயன் உண்டா, இல்லை இதுவும் கொஞ்ச நாள் ஃபேஷன்தானா?

செவிலியர் மாணவர்களுக்கு நோயாளியிடமும் உறவினரிடமும் பேசுவது எப்படி என்று பல வருடங்களாக வகுப்பு எடுத்தவள் என்ற முறையில் சொல்கிறேன். பயன் உண்டு. ஆனால் பெரும்பாலான இடங்களில் சேர்க்கிற விதம் தப்பு. வாரக் கடைசியில், எல்லோரும் களைத்துப் போயிருக்கும் கடைசி வகுப்பில், கண்ணை மூடி உட்காரச் சொல்லி கால் மணி நேரம் மூச்சைக் கவனிக்கச் சொல்கிறார்கள். பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். தூக்கம் அவர்களுக்குத் தேவைதான், தப்பில்லை. ஆனால் அதற்கு ஒரு பாடத்திட்டம் வேண்டியதில்லை. வேலை நடக்கும் இடத்தில், வேலைக்கு நடுவில் வந்தால்தான் இந்தப் பயிற்சி வேலைக்கு உதவும். என் அனுபவத்தில் மீதி எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். கோச்சிங் என்றதும் நமக்கெல்லாம் தேர்வுக்குத் தயார்செய்யும் கோச்சிங் சென்டர்தான் மனதில் வரும். அங்கே விடை ஒருவரிடம் இருக்கும், அவர் அதை உங்கள் தலைக்குள் ஏற்றுவார். இங்கே பேசுகிற கோச்சிங்கில் கேள்வி கேட்கிற ஆசிரியருக்கும் பெரும்பாலும் விடை தெரியும். தெரிந்தும் வாயைக் கட்டிக்கொண்டு, மாணவர் தானாகக் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்கிறார். அனுபவமுள்ள ஆசிரியருக்கு இதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது. எனக்கு இன்றைக்கும் நாக்கு துறுதுறுக்கும்.

மைண்ட்ஃபுல்னெஸ் என்பதற்கு விழிப்புணர்வு, முழுக்கவனம், மனவிழிப்பு என்று ஆளுக்கொரு சொல் வைத்திருக்கிறார்கள். நான் வகுப்பில் ‘கவனம்’ என்றே சொல்லிவிடுவேன், யாரும் மிரள மாட்டார்கள். ‘உடலோடு சேர்ந்த’ என்ற பகுதிதான் பலருக்குப் பிடிபடுவதில்லை. அதற்கு நம் மொழியே கைகொடுக்கும். நெஞ்சு படபடத்தது, அடிவயிறு கலங்கியது, தொண்டை அடைத்தது, கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, வயிறு எரிந்தது. தமிழில் ஒருவர் தன் மனநிலையைச் சொல்ல வாயைத் திறந்தாலே உடம்பின் ஏதாவது ஒரு பாகம் வந்து விழும். பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போகிற இவற்றை ஒரு தகவலாக எடுத்துக்கொண்டு நின்று பார்ப்பதுதான் பயிற்சியின் தொடக்கம். தொண்டை அடைக்கிறது என்றால் எந்த இடத்தில்? அப்போது குரல் என்ன ஆகிறது? அந்தக் குரலைக் கேட்கிற நோயாளிக்கு என்ன தோன்றும்?

கோச்சிங் ஒரு திசையிலிருந்தும் உடல்வழிக் கவனம் வேறொரு திசையிலிருந்தும் வந்து ஒட்டிக்கொண்டவை என்று சிலர் நினைக்கிறார்கள். கோச்சிங் பிறந்த கதையைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. திமோதி கால்வே என்ற அமெரிக்க டென்னிஸ் பயிற்சியாளர் 1970களில் ஒன்றைக் கவனித்தார். மட்டையை இப்படிப் பிடி, முழங்காலை அப்படி மடக்கு என்று எவ்வளவுக்கெவ்வளவு சொல்கிறாரோ அவ்வளவுக்கவ்வளவு ஆட்டம் கெட்டது. அதனால் சொல்வதைக் குறைத்துவிட்டு, பந்து தரையில் படும்போது ‘பவுன்ஸ்’ என்றும் மட்டையில் படும்போது ‘ஹிட்’ என்றும் ஆடுபவரையே வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். கவனம் பந்துக்குப் போனதும், தன்னைத் தானே திட்டிக்கொண்டிருக்கும் உள்குரல் ஓய்ந்தது. உடம்பு தன் தப்பைத் தானே திருத்திக்கொண்டது. 1974-ல் அவர் இதைப் புத்தகமாக எழுதினார். கார் பந்தய வீரராக இருந்த ஜான் விட்மோர் இந்த முறையைப் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். 1992-ல் வந்த அவருடைய புத்தகத்தின் வழியாக ‘க்ரோ’ என்ற நான்கு படிக் கேள்வி முறை அலுவலகங்களெங்கும் பரவியது: என்ன வேண்டும், இப்போது நிலவரம் என்ன, என்னென்ன வழி இருக்கிறது, அதில் எதைச் செய்யப்போகிறாய். அலுவலகத்துக்குள் போனபோது கேள்விகள் மட்டும் போயின. பந்தும் மட்டையும் உடம்பும் மைதானத்திலேயே நின்றுவிட்டன.

மைண்ட்ஃபுல்னெஸ் பக்கமும் ஏறக்குறைய இதே கதை. ஜான் கபட்-ஜின் என்ற அமெரிக்கர் 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தன் மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்பைத் தொடங்கியபோது, வந்தவர்களில் பலர் நாட்பட்ட வலியோடு இருந்தவர்கள். எட்டு வாரம். ஆரம்பப் பயிற்சியே படுத்துக்கொண்டு கால் விரலிலிருந்து உச்சந்தலை வரை ஒவ்வொரு பாகமாகக் கவனித்துக்கொண்டே வருவதுதான். வீட்டிலும் வாரத்துக்கு ஆறு நாள், ஒவ்வொரு நாளும் சுமார் 45 நிமிடம் செய்ய வேண்டும். இன்று ஃபோன் செயலியில் வருகிற மூன்று நிமிடப் பயிற்சி அதன் கொள்ளுப்பேரன். சாயல் இருக்கும், சொத்து வந்து சேர்ந்திருக்காது.

சரி, வகுப்புக்கு வருகிறேன். ஒரு நடிப்புப் பயிற்சி. அறுவை சிகிச்சை இன்றைக்கு நடக்காது, நாளைக்குத் தள்ளிப்போகிறது என்று நோயாளியின் மகனிடம் சொல்ல வேண்டும். காலையிலிருந்து பட்டினி போட்டுத் தயாராக வைத்திருக்கும் அப்பா. மகனாக ஒரு மாணவர், செவிலியராக இரண்டாம் வருட மாணவி ஒருத்தி. அவள் சொற்களில் குறையே இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், மன்னிப்புக் கேட்டாள், காரணம் சொன்னாள், அடுத்து என்ன என்றும் சொன்னாள். மதிப்பெண் தாளில் எல்லாக் கட்டத்திலும் டிக் போடலாம். ஆனால் ‘மகன்’ நிமிடத்துக்கு நிமிடம் சூடாகிக்கொண்டே போனார்.

“எப்படி இருந்துச்சு?” என்று கேட்டேன்.

“நல்லாத்தான் சொன்னேன் மேம். அவங்கதான் கத்திட்டாங்க.”

“அவர் முதல்ல குரலை உயர்த்தினாரே, அப்ப உன் கால் எங்கேம்மா இருந்துச்சு?”

என்ன கேள்வி இது என்பதுபோல் பார்த்தாள். பிறகு எழுந்து போய் அதே இடத்தில் நின்றாள். நின்றதும் உடம்புக்கு ஞாபகம் வந்துவிட்டது. வலது கால் கதவுப் பக்கம் திரும்பியிருந்தது. உடம்பின் பாரம் முழுக்க அந்தக் காலில். கேஸ் ஷீட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, “நான் கிளம்பறதுக்கு ரெடியா நின்னிருக்கேன் மேம்” என்றாள். மகனாக நடித்தவர் உடனே, “அதான் எனக்கு ஏறுச்சு. சொல்லிட்டு ஓடப் பார்க்கிறாங்கன்னு தோணுச்சு” என்றார்.

“இப்ப என்ன செஞ்சு பார்க்கலாம்னு நினைக்கிறே?” இரண்டு பாதத்தையும் அவர் பக்கம் திருப்பி வைக்கிறேன், ஷீட்டைக் கீழே இறக்குகிறேன் என்றாள். நான் எதுவும் சேர்க்கவில்லை. இரண்டாம் தடவை காலைக் கவனித்ததில் காரணத்தைச் சொல்லவே மறந்துவிட்டாள், வகுப்பே சிரித்தது. மூன்றாம் தடவை, செய்தியைச் சொல்லி முடித்துவிட்டு அவசரமாக அடுத்த வாக்கியத்துக்குப் போகாமல் நின்றாள். மகன் கோபப்பட்டார், ஆனால் கத்தவில்லை. “அப்பா காலையிலிருந்து தண்ணிகூடக் குடிக்கலை” என்றார். அவர் சொல்ல நினைத்தது அதுதான். முதல் தடவை அதைச் சொல்ல அவருக்கு இடமே கிடைக்கவில்லை.

‘நேரா நில்லு, கண்ணைப் பார்த்துப் பேசு’ என்று நானே சொல்லியிருந்தால் ஐந்து நொடியில் வேலை முடிந்திருக்கும். அவளும் விறைப்பாக நின்று முறைத்துப் பார்த்துப் பேசியிருப்பாள். வெளியிலிருந்து மாட்டிவிடுகிற உடல்மொழி வாடகைச் சட்டைபோலத்தான், எங்கேயாவது தொளதொளக்கும். இதைச் சொல்லும்போது ‘பவர் போஸ்’ விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், இன்னும் பல பயிற்சிப் பட்டறைகளில் அதைக் கற்றுக்கொடுக்கிறார்கள். கையை இடுப்பில் வைத்து அகலமாக நின்றால் ஹார்மோன் அளவே மாறும் என்று 2010-ல் 42 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு சொன்னது. 2015-ல் 200 பேரை வைத்து மறுபடி செய்து பார்த்தபோது ஹார்மோன் மாறவில்லை. அதற்கு அடுத்த வருடம் முதல் ஆய்வின் முதன்மை ஆசிரியரே, அந்த விளைவு உண்மை என்று தான் இனி நம்பவில்லை என்று வெளிப்படையாக எழுதினார். உடம்பைப் பற்றிப் பேசுகிற எல்லாமே உடல்வழிக் கவனம் ஆகிவிடாது. ஒரு போஸைப் பிடித்து நிற்பது வேறு, தான் எப்படி நிற்கிறோம் என்று தெரிந்துகொள்வது வேறு.

மாணவர்களுக்கு மட்டும்தான் இது என்றும் நினைக்க வேண்டாம். அதுல் கவாண்டே என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், கைதேர்ந்த பிறகு, ஓய்வுபெற்ற மூத்த மருத்துவர் ஒருவரைத் தன் அறுவை அரங்குக்கு அழைத்து ஓரமாக நின்று பார்க்கச் சொன்னார். 2011-ல் அதைப் பற்றி எழுதினார். அறுவை நன்றாகத்தான் போயிருக்கிறது. பார்த்தவர் சொன்ன குறிப்புகள் சின்னச் சின்னவை: சில நேரம் வலது முழங்கை தோள் உயரத்துக்கு ஏறிவிடுகிறது, விளக்கின் வெளிச்சம் காயத்தை விட்டு விலகி அரை மணி நேரமாகியும் நீங்கள் கவனிக்கவில்லை. அத்தனை அறுவை செய்த கைக்குத் தன் முழங்கை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. வேலை உடம்பில் ஊறிப்போன பிறகு அது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. டொனால்ட் ஷோன் என்ற அமெரிக்கச் சிந்தனையாளர் 1983-ல் எழுதியதும் இதைச் சுற்றித்தான். தொழிலில் தேர்ந்தவர்களின் அறிவு செய்கைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது, செய்துகொண்டிருக்கும்போதே அதைப் பற்றி யோசிக்கவும் முடியும், அந்தத் திறமையை விரிவுரையால் கொடுக்க முடியாது என்பது அவர் வாதம்.

இனி, எப்படிச் செய்வது.

தனிப் பாடவேளை கேட்டு நிர்வாகத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஏற்கெனவே வேலைக்குள் இருக்கும் இடைவெளியைப் பிடியுங்கள். செவிலியருக்கு அது கை கழுவும் நேரம். சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவ 40 முதல் 60 நொடி, கை தேய்க்கும் திரவமானால் 20 முதல் 30 நொடி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த நேரம் எப்படியும் செலவாகிறது. அதில் தண்ணீரின் சூடு, பாதம் தரையில் படுவது, தோள் காதுக்குப் பக்கத்தில் ஏறியிருக்கிறதா என்பது, அப்புறம் ஒரு நீளமான மூச்சு வெளியே. மூச்சை உள்ளிழுக்கும்போது இதயத் துடிப்பு லேசாகக் கூடும், வெளியே விடும்போது குறையும், அதனால்தான் வெளிமூச்சை நீட்டச் சொல்வது. முந்தைய படுக்கையில் நடந்ததை அடுத்த படுக்கைக்குத் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க இவ்வளவு போதும். ஆசிரியர் பயிற்சியில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல இடைவெளி ஒன்று இருக்கிறது. மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970களில் காட்டியது: கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரு நொடிதான் பதிலுக்குக் காத்திருக்கிறார், அதை மூன்று நொடியாக நீட்டினாலே பதில்கள் நீளமாகவும் நன்றாகவும் வருகின்றன. எல்லா ஆசிரியர் பயிற்சியிலும் இதைச் சொல்கிறார்கள், யாரும் செய்வதில்லை. ஏனென்றால் அந்த மூன்று நொடி மௌனம் உடம்புக்குத் தாங்காது. காது சுடும், கை சாக்பீஸைத் தேடும். அந்த நெளிவை ஓட்டிவிடாமல் கவனிக்கக் கற்றுக்கொண்டால்தான் காத்திருக்க முடியும். சமூகப்பணியாளருக்கு அது ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு முந்தைய நொடி.

அடுத்தது கேள்வி. ‘ஏன்’ என்று ஆரம்பிக்கிற கேள்வியைக் கொஞ்ச நாளைக்கு மறந்துவிடுங்கள். ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்ட மறுநொடி மாணவர் தனக்குத் தானே வக்கீலாகிவிடுவார். எங்கே, எப்போது, என்ன என்று கேட்டால் வாதாட எதுவும் இருக்காது, பார்க்க மட்டும்தான் முடியும். எந்த வார்த்தைக்குப் பிறகு மூச்சு நின்றது? அப்போது கை என்ன செய்துகொண்டிருந்தது? ஒரு தடவைக்கு ஒரு விஷயம்தான். நான்கு குறையை ஒன்றாகச் சொன்னால் நான்கும் நிற்காது. கேட்ட பிறகு சும்மா இருங்கள். இதுதான் எல்லாவற்றிலும் கடினம்.

ஒரு பெரிய தப்பையும் சொல்லியாக வேண்டும், நானே செய்தது. ஆரம்பக் காலத்தில் ஒரு பயிற்சி நிறுவனத்தில், வகுப்பு முழுவதையும் பாயில் படுக்கவைத்து, கண்ணை மூடச் சொல்லி, உடம்பைப் பாகம் பாகமாகக் கவனிக்கவைத்தேன். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஒரு மாணவிக்கு முகம் வெளுத்து வியர்த்துவிட்டது, எழுந்து வெளியே ஓடினாள். அன்று மாலை சொன்னாள்: சில வருடங்களுக்கு முன் ஒரு விபத்தில் மாட்டி, நகர முடியாமல் மல்லாந்து கிடந்திருக்கிறாள். என் குரல் அவளை நேராக அங்கேயே கொண்டுபோய் விட்டுவிட்டது. உடம்பைக் கவனிப்பது யாருக்கும் கெடுதல் செய்யாது என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். அது தவறு. தியானம் செய்கிற சுமார் 60 பேரை விரிவாகப் பேட்டிகண்டு 2017-ல் வெளிவந்த ஆய்வு, பயம், தூக்கமின்மை, தன்னிலிருந்தே விலகிப்போனதுபோன்ற உணர்வு என்று பலவற்றைப் பதிவு செய்திருக்கிறது.

அதற்குப் பிறகு கண்ணை மூடு என்று யாரிடமும் சொல்வதில்லை. திறந்தே வைக்கலாம், தரையைப் பார்க்கலாம், உடம்புக்குப் பதில் அறையில் கேட்கிற சத்தத்தைக் கவனிக்கலாம், காரணம் சொல்லாமல் எழுந்து போகலாம். இவற்றை முதல் நாளே சொல்லிவிடுகிறேன். உள்ளே என்ன தெரிந்தது என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. கோச்சிங் மனநல சிகிச்சை ஆகாது. பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் யாரிடம் அனுப்புவது என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பயன் உண்டு என்பதற்கு ஆதாரம் எப்படி என்று கேட்கலாம். நடுவாந்தரம் என்பதுதான் நேர்மையான பதில். 2009-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் நோயாளிகள் முதலில் போய்ப் பார்க்கும் முதல்நிலை மருத்துவர்கள் 70 பேர் எட்டு வாரத் தீவிர வகுப்பும், அதன் பிறகு பத்து மாதத்துக்கு மாதமொரு கூட்டமுமாகப் பயிற்சி எடுத்தார்கள். தியானத்தோடு, தங்கள் வேலையில் நடந்த நிகழ்வுகளைச் சொல்லிக் கேட்டுக்கொள்வதும் அதில் இருந்தது. வேலையால் வரும் சோர்வு (பர்ன்அவுட்) குறைந்தது, நோயாளியிடம் பரிவு கூடியது. ஆனால் ஒப்பிட வேறு குழு இல்லை, வந்தவர்களும் தாங்களே விரும்பி வந்தவர்கள். எதிர்ப்பக்கம், பிரிட்டனில் 8,000-க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களை வைத்து நடந்த பெரிய சோதனையின் முடிவு 2022-ல் வந்தது. வகுப்பில் எல்லோருக்கும் மைண்ட்ஃபுல்னெஸ் நடத்தியதால், வழக்கமாக நடத்துவதைவிட அவர்கள் மனநலத்தில் முன்னேற்றம் ஏதும் இல்லை. அவர்கள் சிறுவர்கள், நம் மாணவர்கள் தொழிலுக்குப் போகிற பெரியவர்கள், இரண்டும் ஒன்றாகாது. இருந்தாலும் நான் எடுத்துக்கொள்கிற பாடம் இது: விரும்பி வருகிறவருக்கு, அவர் வேலையோடு சேர்த்துக் கொடுத்தால் பலன் தெரிகிறது. எல்லோர் தலையிலும் சட்டமாகக் கட்டினால் தெரிவதில்லை.

மதிப்பெண் விஷயத்தில் நான் பிடிவாதக்காரி. உள் அனுபவத்துக்கு மார்க் போடாதீர்கள். போட்டால் மார்க்குக்கு ஏற்ற அனுபவத்தை மாணவர்கள் அழகாகத் தயாரித்துக் கொடுப்பார்கள். ‘என் மூச்சைக் கவனித்தபோது ஆழ்ந்த அமைதி கிடைத்தது’ என்று ஒரே வாரத்தில் முப்பது நோட்டில் படித்திருக்கிறேன். மதிப்பிட்டே ஆக வேண்டும் என்றால் வெளியே தெரிகிற செயலை மதிப்பிடுங்கள்: செய்தி சொன்ன பிறகு எதிராளிக்குப் பேச இடம் விட்டாரா, இல்லையா? முடிந்தால் கோச் ஒருவராகவும் மார்க் போடுகிறவர் வேறொருவராகவும் இருக்கட்டும். ஆள் இல்லையென்றால் மாணவர்களையே மூன்று மூன்று பேராகப் பிரித்து, ஒருவர் செய்ய, ஒருவர் கேட்க, ஒருவர் பார்க்க, மாறி மாறிச் செய்யவிடலாம். பெரும்பாலும் என்னைவிட அவர்களே நன்றாகக் கேட்கிறார்கள்.

நிர்வாகம் இதில் திடீரென்று ஆர்வம் காட்டினால் கொஞ்சம் உஷாராக இருங்கள். இரண்டு பேர் பார்க்க வேண்டிய வார்டை ஒருவரிடம் கொடுத்துவிட்டு, அவரை மூச்சுப் பயிற்சி வகுப்புக்கு அனுப்புவது நடக்கிறது. ஆள் பற்றாக்குறைக்கு மருந்து ஆளைப் போடுவதுதான். உண்மையான கவனப் பயிற்சி எடுத்தவர் தன் உடம்பு தாங்கவில்லை என்பதைச் சீக்கிரம் கண்டுகொண்டு வாய்திறந்து சொல்வார், அது நிர்வாகத்துக்கு அவ்வளவாகப் பிடிக்காது.

எங்கே ஆரம்பிப்பது என்றால், உங்களிடமிருந்து. தான் செய்யாத பயிற்சியை மற்றவருக்குச் சொல்லிக்கொடுக்கிற குரல் இரண்டே நிமிடத்தில் வெளுத்துவிடும். நம்பிக்கையான சக ஆசிரியர் ஒருவரைக் கூப்பிட்டு வகுப்பின் பின்வரிசையில் கால் மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள். பாடத்தைப் பார்க்க வேண்டாம், என் உடம்பு என்ன செய்கிறது என்று மட்டும் பாருங்கள் என்று சொல்லுங்கள். என் வகுப்பில் அப்படி உட்கார்ந்த தோழி, முடிந்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “பசங்க யோசிக்கிறப்ப எல்லாம் உங்க கை என்ன பண்ணுதுன்னு தெரியுமாக்கா?” தெரியவில்லை. பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேனாம், டக் டக் என்று சத்தத்தோடு. சீக்கிரம் பதில் சொல்லு என்று அவர்களை விரட்டிக்கொண்டிருந்தது என் கை. இப்போதெல்லாம் பேனாவை மேசையில் வைத்துவிட்டுத்தான் கேள்வி கேட்கிறேன்.